டயர் ஓரத்தில் ஒரு சின்ன நம்பர்... அதைப் பார்க்காமல் வீல் மாற்றாதீங்க!

விருதுநகரிலிருந்து சிவகாசி போகும் வழியில் இருக்கிறது ஆமத்தூர். தார் ரோட்டில் போகிறவரை எந்த வண்டிக்கும் பிரச்னை இல்லை. பக்கத்தில் பிரியும் மண் பாதையில் இறங்கினால்தான் கதை மாறுகிறது.

பட்டாசு ஆலைகள் குடியிருப்புகளை விட்டு குறிப்பிட்ட தூரம் தள்ளித்தான் இருக்க வேண்டும் என்பது வெடிபொருள் விதி. அதனால் சிவகாசி வட்டாரத்தில் பல ஆலைகள் காட்டுக்குள், மானாவாரி நிலங்களுக்கு நடுவே இருக்கின்றன. அங்கே போகும் வழியெல்லாம் மண் ரோடு, கண்மாய்க் கரை, கரிசல். வெயிலில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் அதே கரிசல், ஒரு மழை பெய்தால் களியாகி டயரில் அப்பிக்கொள்ளும்.

'ஆஃப் ரோடு' என்றதும் விளம்பரங்களில் லடாக்கையும் ராஜஸ்தான் மணலையும் காட்டுவார்கள். இங்கே அது பொழுதுபோக்கு இல்லை, அன்றாடப் பிழைப்பு. திங்கள் முதல் சனி வரை லோடு ஏற்றும் டபுள் கேபின் வண்டியில்தான் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு இருக்கன்குடி கோயிலுக்கும் போவார்கள்.

இப்படிப்பட்ட வண்டிகளுக்கு 'கெத்தாக' இருக்கட்டும் என்று அகலமான அலாய் வீலும், பெரிய பட்டன் டயரும் மாட்டுவது இப்போது சாதாரணம். அப்போது எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "உள்ளே இடிக்காம உட்காருமா?" கேட்க மறக்கும் கேள்வி: "இது எவ்வளவு எடை தாங்கும்?"

அதற்கான பதில் டயரிலேயே அச்சடித்து இருக்கிறது.

அந்த நம்பர் எங்கே இருக்கு?

டயரின் பக்கவாட்டில் '215/75 ஆர்15 100 எஸ்' என்பதுபோல ஒரு வரிசை இருக்கும். 215 என்பது டயரின் அகலம், மில்லி மீட்டரில். 75 என்பது அகலத்தில் எத்தனை சதவிகிதம் டயரின் பக்கச் சுவர் உயரம் என்பது. 'ஆர்' என்றால் ரேடியல். 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

இதுவரை எல்லா டயர் கடையிலும் பார்ப்பார்கள். அதற்கு அடுத்து இருக்கும் 100தான் நம் கதாநாயகன். இதற்கு 'லோடு இண்டெக்ஸ்' என்று பெயர். 100 என்றால் 100 கிலோ அல்ல. அது ஒரு குறியீட்டு எண். உலகம் முழுக்க ஒரே அட்டவணைதான். ஒரு டயர், சரியான காற்றுடன் அதிகபட்சமாகத் தாங்கக்கூடிய எடை இது:

* 91 - 615 கிலோ
* 96 - 710 கிலோ
* 100 - 800 கிலோ
* 104 - 900 கிலோ
* 106 - 950 கிலோ
* 108 - 1,000 கிலோ
* 112 - 1,120 கிலோ

கடைசியில் வரும் 'எஸ்' வேகக் குறியீடு. கியூ என்றால் மணிக்கு 160 கி.மீ., எஸ் 180, டி 190, ஹெச் 210. நம் ஊர் ரோட்டில் இதை எட்டப்போவதில்லை. ஆனால், எடைக் குறியீட்டை ஒரே ஒரு லோடில் தாண்டிவிடலாம்.

பிக்கப், மினி லாரி டயர்களில் '112/109' என்று இரண்டு எண்கள் இருக்கும். ஒரு பக்கத்துக்கு ஒரு டயர் என்றால் முதல் எண், பின்னால் ஜோடி டயர் என்றால் இரண்டாவது எண். அதாவது, ஒற்றையாக 1,120 கிலோ தாங்கும் டயர், ஜோடியாக ஓடும்போது ஒவ்வொன்றும் 1,030 கிலோதான் தாங்கும். ஜோடியில் ஒன்றில் காற்று குறைந்தால் பாரம் பக்கத்து டயருக்குப் போய்விடும் என்பதும், உள் டயருக்குக் காற்றோட்டம் குறைவு என்பதும் அதற்குக் காரணங்கள்.

'8 பி.ஆர்.' என்று இருந்தால்? ஒரு காலத்தில் டயருக்குள் எத்தனை அடுக்கு பருத்தித் துணி இருக்கிறது என்பதைக் குறித்த எண் இது. இன்றைய டயரில் எட்டு அடுக்கு இருப்பதில்லை. எட்டு அடுக்குக்கு நிகரான பலம் என்று மட்டும் பொருள். எண் கூடக் கூட, அதிகக் காற்றையும் அதிக எடையையும் தாங்கும்.

நான்கால் பெருக்கினால் போதுமா?

போதாது. பலரும் சறுக்குவது இங்கேதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம் (எண்கள் புரிவதற்காக மட்டும்). லோடோடு சேர்த்து ஒரு பிக்கப்பின் மொத்த எடை 2,900 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 100 எண் கொண்ட நான்கு டயர் மாட்டினால் 800 × 4 = 3,200 கிலோ. 'மிச்சம் 300 கிலோ இருக்கே, தாராளம்' என்று தோன்றும்.

ஆனால், லோடு முழுக்கப் பின்னால்தானே இருக்கிறது? பின் அச்சில் மட்டும் 1,900 கிலோ இறங்கினால், பின் டயர் ஒவ்வொன்றும் 950 கிலோ சுமக்க வேண்டும். டயரின் எல்லையோ 800. தினமும் 150 கிலோ கூடுதலாகச் சுமந்துகொண்டு ஓடுகிறது. இந்த வண்டிக்கு 106-க்குக் குறைந்த எண் கூடாது. பள்ளத்தில் இறங்கும்போதும், வளைவில் திரும்பும்போதும் ஒரு பக்கத்து டயருக்கு இன்னும் பாரம் கூடும் என்பதால் அதற்கு மேலேயே இருப்பது நல்லது.

உங்கள் வண்டியின் பின் அச்சு எடையைத் தெரிந்துகொள்வது எளிது. வழக்கமான லோடோடு எடைமேடைக்குப் போங்கள். முதலில் முழு வண்டியையும் எடை போடுங்கள். பிறகு பின் சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்கும்படி நிறுத்தி ஒருமுறை எடை போடுங்கள். அந்த இரண்டாவது எண்ணை இரண்டால் வகுத்தால், பின்னால் ஒற்றை டயர் உள்ள வண்டிகளில் ஒரு டயர் சுமக்கும் எடை வந்துவிடும். அதை டயரில் இருக்கும் நம்பரோடு ஒப்பிட வேண்டியதுதான்.

இன்னொரு விஷயம். கார் வகை டயரைச் சரக்கு வண்டியிலோ, பெரிய எஸ்.யூ.வி.யிலோ மாட்டினால், அதன் தாங்கும் திறனை 1.1-ஆல் வகுத்துக் குறைத்துக் கணக்கிட வேண்டும் என்கிறது அமெரிக்க நடைமுறை. 800 கிலோ டயர் என்றால் சுமார் 727 கிலோதான். பார்ப்பதற்கு ஒரே சைஸில் இருந்தாலும் கார் டயரும் 'எல்.டி.' எனக் குறிக்கப்பட்ட சரக்கு வண்டி டயரும் ஒன்றல்ல.

பட்டாசுப் பெட்டியும் நோட்டு பண்டலும்

சிவகாசி வட்டாரத்தில் பட்டாசு, தீப்பெட்டி, அச்சகம் மூன்றும் உண்டு. மூன்றுக்கும் அதே வண்டிகள்தான் ஓடுகின்றன. ஆனால், மூன்று லோடும் ஒன்றல்ல.

தீப்பெட்டி பண்டல் இடத்தை அடைக்கும், எடை குறைவு. பாடி நிறைந்தாலும் டயர் பெரிதாக நசுங்காது. காகிதம் அப்படி அல்ல. ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரத்துக்கு இறுக்கமாக அடுக்கிய காகிதக் கட்டு முக்கால் டன்னைத் தாண்டக்கூடும். நோட்டு, காலண்டர், பேப்பர் ரீல் ஏற்றும்போது பாடி பாதிகூட நிறைந்திருக்காது. ஆனால், டயர் தன் எல்லையைத் தொட்டிருக்கும். 'இன்னும் இடம் இருக்கே' என்று மேலே அடுக்குவது அப்போதுதான் நடக்கிறது.

ஆடிப்பெருக்கு அன்று புது காலண்டர் ஆல்பங்கள் வெளியாகும். அதற்குப் பிறகு அச்சகங்களுக்கு வேலை கூடும். இன்னொரு பக்கம் தீபாவளிக்கான பட்டாசு லோடு. ஆண்டிலேயே வண்டிகள் அதிகம் உழைக்கும் மாதங்கள் இவை. கூடவே வடகிழக்குப் பருவமழையும் வந்து, கரிசல் களியாகும் நேரம். டயரைச் சோதிக்க ஆடி மாதமே சரியான மாதம்.

லோடைத் தூக்குவது ரப்பர் அல்ல, காற்று!

டயரில் எழுதியிருக்கும் எடை, குறிப்பிட்ட அளவு காற்று இருந்தால் மட்டுமே செல்லும். காற்று குறைந்தால் தாங்கும் திறனும் குறையும். குறைந்த காற்றோடு ஓடும்போது டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் நசுங்கி நசுங்கி நிமிரும். ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் சூடாவதுபோல, டயருக்குள்ளும் சூடு ஏறும். சூட்டில் ரப்பருக்கும் உள்ளே இருக்கும் எஃகுக் கம்பிப் பட்டைக்கும் உள்ள பிடிப்பு தளரும். ஒருகட்டத்தில் பட்டன் பகுதி அப்படியே உரிந்து வரும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு 'டயர் வெடித்தது'. உண்மையில் அது பல நாள்களாக நடந்த வேலை.

இதற்கு உலகம் அறிந்த உதாரணம் ஒன்று உண்டு. 2000-ம் ஆண்டு ஆகஸ்ட்டில், அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. பெரும்பாலும் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் எஸ்.யூ.வி.களில் மாட்டியிருந்த 15 அங்குல டயர்கள் அவை. ஓடும்போதே பட்டன் பகுதி உரிந்து, வண்டிகள் கவிழ்ந்து, 250-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். டயரின் வடிவமைப்பு, தயாரிப்பு, வண்டியின் வடிவமைப்பு என்று இரு நிறுவனங்களும் ஒன்றையொன்று கை காட்டின. விவாதத்தில் மையமாக இருந்த விஷயங்களில் ஒன்று, காற்று அளவு. அந்த வண்டிக்கு ஃபோர்டு பரிந்துரைத்தது 26 பி.எஸ்.ஐ.; ஃபயர்ஸ்டோன் பின்னர் 30 வைக்கச் சொன்னது. டயர்களை மாற்றித்தருவதில் முதலில் முன்னுரிமை பெற்றவை அரிசோனா, கலிஃபோர்னியா, ஃப்ளோரிடா, டெக்சாஸ். எல்லாமே வெயில் அதிகமுள்ள மாநிலங்கள்!

அதே ஆண்டு அங்கே புதிய சட்டம் வந்தது. டயரில் காற்று குறைந்தால் டேஷ்போர்டில் எச்சரிக்கும் கருவி புதிய கார்களில் கட்டாயமானது அதன் தொடர்ச்சியாகத்தான்.

வெயில், லோடு, குறைந்த காற்று. விருதுநகர் மாவட்டத்துக்கு முதல் இரண்டும் எப்போதும் உண்டு. மூன்றாவது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

'வெயில் காலத்தில் டயர் சூடாகும், அதனால் காற்றைக் கொஞ்சம் குறைச்சு வைக்கணும்' என்று சொல்வார்கள். இது தவறு. கம்பெனி சொல்லும் அளவு, டயர் குளிர்ந்த நிலையில் இருக்க வேண்டிய அளவு. ஓடும்போது சூட்டில் சில பி.எஸ்.ஐ. ஏறும் என்பதையும் சேர்த்தே அதை முடிவு செய்கிறார்கள். காற்றைக் குறைத்தால் சூடு குறையாது, கூடும்.

கரிசலில் காற்றை இறக்கலாமா?

மணலில் டயர் புதையாமல் இருக்கக் காற்றை இறக்குவார்கள். டயர் தரையில் படும் பரப்பு கூடி, மணலில் மிதப்பதுபோலப் போகும். கரிசல் களியில் இந்த வித்தை ஓரளவுதான் பலிக்கும். இங்கே பிரச்னை, பட்டன் இடுக்குகளில் களி நிரம்பி டயர் வழுவழுவென ஆகிவிடுவது. இடைவெளி அதிகமுள்ள 'மட் டெரைன்' டயர்கள் சுழலும்போதே களியை வீசி எறியும். ஆனால் தார் ரோட்டில் இரைச்சல் கூடும், ஈரத்தில் பிரேக் பிடிக்கும் தூரமும் கூடலாம். பாதி தார், பாதி மண் என்று ஓடும் வண்டிகளுக்கு 'ஆல் டெரைன்' வகையே நடுவழி.

எந்த டயராக இருந்தாலும், காற்றை இறக்கினால் லோடையும் வேகத்தையும் சேர்த்தே குறைக்க வேண்டும். தார் ரோட்டில் ஏறும் முன் காற்றை நிரப்பிவிட வேண்டும். அதற்கு வண்டியிலேயே ஒரு சின்ன கம்ப்ரஸர் இருப்பது, அலாய் வீலைவிட உபயோகமான செலவு.

சொல்லப்போனால், மண்ணில் ஓடும் டயர்களுக்கு நம் பக்கம் பெயர்பெற்றது. மதுரையில் டி.வி.எஸ். ஸ்ரீசக்ரா ஆலை இருக்கிறது. திருநெல்வேலி அருகே கங்கைகொண்டானில் உள்ள ஆலையில் விவசாய, கட்டுமான வண்டிகளுக்கான டயர்கள் தயாராகி வெளிநாடுகளுக்கும் போகின்றன. 1946-ல் சென்னை திருவொற்றியூரில் பலூன் செய்யும் கொட்டகையாகத் தொடங்கியதுதான் எம்.ஆர்.எஃப். நல்ல டயருக்கு நமக்குப் பஞ்சமில்லை. சரியானதைத் தேர்ந்தெடுப்பதில்தான் கவனம் வேண்டும்.

ரிம் மாற்றும்முன் ஐந்து கேள்விகள்

மாருதி ஜிம்னியை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். கம்பெனி டயர் 195/80 ஆர்15.

1. நட் துளைகள் பொருந்துமா? ஜிம்னியில் 5 துளைகள், 139.7 மி.மீ. வட்டத்தில். பல கார்களில் இது 5×114.3. இரண்டுக்கும் ஐந்து துளைதான். ஆனால், ஒன்றுக்கு ஒன்று ஆகாது. துளையை ராவி, அடாப்டர் வைத்துப் பொருத்துவது ஆபத்து.

2. நடுத்துளை சரியா? ரிம்மின் நடுத்துளை, வண்டியின் ஹப்பில் கச்சிதமாக உட்கார வேண்டும். ஜிம்னிக்கு 108 மி.மீ. துளை சிறியதாக இருந்தால் மாட்ட முடியாது. பெரியதாக இருந்தால் நடுவில் தாங்கல் இல்லாமல், வீல் ஆட்டம் காட்டலாம். பாரம் முழுக்க நட் மீது விழும்.

3. ஆஃப்செட் எவ்வளவு? ரிம்மில் 'ஈ.டி.' என்று இருக்கும். எண் கூடினால் வீல் உள்ளே தள்ளிப்போய் சஸ்பென்ஷனில் உரசும். குறைந்தால் வெளியே துருத்தும். பேரிங் மீது இழுவை கூடும். சேறு கண்ணாடி வரை தெறிக்கும். ஸ்பேசர் வைத்தாலும் இதே விளைவுதான்.

4. ரிம் அகலம் டயருக்குப் போதுமா? ஜிம்னியின் கம்பெனி ரிம் 5.5 அங்குலம். அதில் 215/75 ஆர்15 உட்காரும். ஆனால், 235/75 ஆர்15 டயருக்குக் குறைந்தது 6 அங்குல ரிம் வேண்டும். குறுகிய ரிம்மில் அகல டயரைத் திணித்தால் டயர் பிதுங்கி, வளைவில் தள்ளாடும்.

5. ரிம் எவ்வளவு எடை தாங்கும்? டயரைப்போலவே ரிம்முக்கும் எல்லை உண்டு. நல்ல அலாய் ரிம்களின் உள்பக்கத்தில் 'மேக்ஸ் லோடு' என்று கிலோவில் பொறித்திருப்பார்கள். எதுவுமே பொறிக்காத ரிம்மை, விலை மலிவு என்பதற்காக வாங்காதீர்கள். டயர் 800 கிலோ தாங்கி, ரிம் 600 கிலோதான் தாங்கும் என்றால் உங்கள் எல்லை 600தான்.

விட்டத்தையும் பாருங்கள். ஜிம்னியின் கம்பெனி டயர் விட்டம் 693 மி.மீ. 215/75 போட்டால் சுமார் 704. ஒன்றரை சதவிகிதம்தான் வித்தியாசம். 235/75 போட்டால் 733. கிட்டத்தட்ட 6 சதவிகிதம். மற்றதெல்லாம் மாறாதிருந்தால், மீட்டர் 100 காட்டும்போது 106 கி.மீ. அளவுக்கு அதிக வேகத்தில் போவீர்கள். பெரிய டயரின் எடை கூடுவதால் பிக்கப், மைலேஜ், பிரேக் மூன்றும் பாதிக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, வண்டியின் அடிப்படை விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படியான மாற்றங்களைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு, ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே என 2019-ல் திருத்தப்பட்ட சட்டம் சொல்கிறது. அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய். கூடுதலாகும் ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய்.

பாதுகாப்பான வழி, உங்கள் மாடலின் ஏதாவது ஒரு வேரியன்டில் கம்பெனியே கொடுக்கும் டயர், ரிம் அளவுக்குள் இருப்பது. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கேள்விகளிலிருந்தும் தப்பிக்கலாம்.

டயர் வாங்கும்போது கவனிக்க

* ஓட்டுநர் கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் அல்லது கையேட்டில் டயர் அளவும், காற்று அளவும் இருக்கும். வெறும் வண்டிக்கு ஒன்று, முழு லோடுக்கு ஒன்று என்று இரண்டு காற்று அளவுகள் இருந்தால் இரண்டையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

* புது டயரின் லோடு நம்பர், கம்பெனி டயரில் இருப்பதற்குச் சமமாகவோ அதற்கு மேலாகவோ இருக்க வேண்டும். குறையவே கூடாது.

* ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா பாருங்கள். டயர்களுக்கான தரக்கட்டுப்பாட்டு ஆணை 2009-லேயே வந்துவிட்டது.

* நான்கு இலக்கத் தேதியைப் பாருங்கள். '2324' என்றால் 2024-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. பட்டன் தேயாமல் இருந்தாலும், வயதான டயரில் ரப்பர் வெடிப்பு விட்டிருக்கும்.

* பட்டன் ஆழம் 1.6 மி.மீ.க்குக் கீழே போனால் மாற்ற வேண்டும். பள்ளங்களுக்குள் இருக்கும் சின்ன மேடு, பட்டனோடு சமமாகிவிட்டால் அதுதான் அறிகுறி.

* பக்கச் சுவரில் வெட்டு, வீக்கம் இருந்தால் ஒட்டுப்போட்டு ஓட்டாதீர்கள். கல்லும் முள்ளும் உள்ள பாதையில் பக்கச் சுவர்தான் முதலில் கிழியும். பஞ்சர் கிட் அதைச் சரிசெய்யாது. சில புதிய கார்கள் ஸ்டெப்னி இல்லாமலே வருகின்றன. மண் ரோட்டில் ஓட்டுபவர்களுக்கு ஸ்டெப்னி அவசியம். அதன் லோடு நம்பரும் மற்ற டயர்களுக்குக் குறையாமல் இருக்கட்டும்.

* வீல் மாற்றிய பிறகு சுமார் 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் நட்டுகளை மறுபடி முறுக்கிப் பாருங்கள்.

இவ்வளவுக்கும் செலவு என்று பார்த்தால், எடைமேடைக் கட்டணமும், மாதம் இருமுறை காற்று பார்க்கும் ஐந்து நிமிடமும்தான். பட்டாசு ஏற்றிய வண்டியில் சூடேறிய ஒரு டயர் என்ன செய்யும் என்பதை இந்த வட்டாரத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அடுத்த முறை டயர் கடையில் டிசைனைப் பார்க்கும் முன், குனிந்து அந்த மூன்று இலக்க எண்ணைப் படியுங்கள். பின் சீட்டில் உட்காரப்போவது உங்கள் வீட்டுக் குழந்தைகள்!